பேனா மவுஸ் வாங்கலாமா? முதலில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்

மணிக்கட்டு வலி வந்து மாற்று மவுஸ் தேடியவர்கள் இந்தப் பொருளை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். தடித்த மார்க்கர் பேனா போல இருக்கும். தண்டில் இரண்டு பொத்தான், கூடவே குட்டியாக ஒரு ஸ்க்ரோல் சக்கரம், நுனியில் ஒரு சென்சார். வயர் கிடையாது. பேனா பிடிப்பது போலப் பிடித்து மேசைமேல் நகர்த்தினால் திரையில் கர்சர் நகரும். கை வலிக்காது, படம் வரையலாம், கையெழுத்துப் போடலாம் என்றெல்லாம் சொல்லி விற்பார்கள். முதலில் சொன்னது பாதி உண்மை. மற்ற இரண்டும் பேனாவின் உருவத்தைப் பார்த்து நாமாகச் சேர்த்துக்கொள்ளும் ஆசை.

நானும் அந்த ஆசையில் வாங்கிய ஆள்தான். மெய்ப்புத் திருத்துவது என் வேலை. காலையில் பிடித்த மவுஸை ராத்திரிதான் விடுவேன். பெட்டியைப் பிரித்ததும் வரைகிற மென்பொருள் ஒன்றைத் திறந்து 'தமிழ்' என்று எழுதிப் பார்த்தேன். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'த' போட்டேன். கொஞ்சம் கோணல், ஆனாலும் படிக்க முடிந்தது. சாதாரண மவுஸில் எழுதியதைவிட எவ்வளவோ மேல். அடுத்து, காகிதத்தில் செய்வது போலவே கையைத் தூக்கி, வலப்பக்கம் தள்ளி வைத்து 'மி' எழுதினேன். அது 'த'வின் காலிலேயே ஏறிக்கொண்டது. 'ழ' அதற்கும் மேலே. கடைசியில் புள்ளி. கையைத் தூக்கி 'ழ'வின் தலைக்கு நேரே கொண்டுபோய் வைத்தேன். 'ழ' எந்த இடத்தில் முடிந்ததோ, புள்ளி அதே இடத்தில் போய் விழுந்தது.

பொருளில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். கோளாறு எதுவும் இல்லை. அது மவுஸ். மவுஸ் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொண்டது.

இதைப் புரிந்துகொண்டால் வாங்குவதா வேண்டாமா என்பதில் முக்கால்வாசி முடிந்துவிடும். ஆப்டிகல் மவுஸின் அடியில் இருப்பது ஒரு சின்னஞ்சிறு கேமரா. மேசையின் மேற்பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுத்து, ஒவ்வொரு படத்தையும் முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேசையில் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அதற்கு எப்போதுமே தெரியாது. சில மில்லிமீட்டர் தூக்கிவிட்டால் படம் மங்கிப்போய், நகர்வே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளும். சாதாரண மவுஸில் இது வசதி. பேட் விளிம்பு வந்துவிட்டால் தூக்கிப் பின்னால் வைத்துக்கொள்கிறோமே, அது இதனால்தான் முடிகிறது. ஆனால் எழுத்து என்பது பாதி மேசையிலும் பாதி காற்றிலும் நடப்பது. காற்றில் நடக்கும் பாதியைப் பேனா மவுஸ் பார்ப்பதே இல்லை.

பொத்தானை விட்டுவிட்டு, தூக்காமல், மேசையிலேயே உரசி அடுத்த எழுத்தின் இடத்துக்குப் போனால் எழுதலாம். நுனியை அழுத்தினாலே கிளிக் ஆகும் வகையும் உண்டு, அதில் இது கொஞ்சம் சுலபம். ஒரு கையெழுத்துக்கு இந்தப் பழக்கம் போதும். ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றால் பொறுமை போய்விடும்.

டேப்லெட் பேனாவோடு ஒப்பிட்டால்

ஓவியர்கள் பயன்படுத்தும் கிராஃபிக்ஸ் டேப்லெட்டின் பேனாவும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அது வேலை செய்யும் விதமே வேறு. வேக்கம் போன்ற நிறுவனங்களின் டேப்லெட்டில் பலகைக்கு அடியில் கம்பிச் சுருள்கள் வலைபோலப் பதித்திருக்கும். அவை மின்காந்த அலையை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்பும். அதிலிருந்து பேனா பலகையில் துல்லியமாக எங்கே இருக்கிறது என்பது கணினிக்குத் தெரிந்துவிடும். பேனாவுக்கு பேட்டரியே வேண்டாம். பலகையின் இடது மேல் மூலை என்றால் திரையின் இடது மேல் மூலை, எப்போது வைத்தாலும் அதே இடம். நுனி பலகையைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் போல மேலே நின்றாலும் கர்சர் கூடவே வரும். 'ழ'வின் தலைமேல் வைக்கப் போன புள்ளி அங்கே தலைமேல்தான் விழும்.

அழுத்தம் இன்னொன்று. அதில் லேசாகத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. இப்போது வருபவற்றில் 8192 அழுத்த நிலைகள் என்பது சகஜம். பேனா மவுஸுக்கு இரண்டே நிலைதான்: அழுத்தியது, விட்டது. கணினியும் அதை மவுஸ் என்றுதான் அடையாளம் காணும். வரையும் மென்பொருளில் பேனாவுக்கென்று இருக்கும் வசதிகள் எதுவும் அதற்குத் திறக்காது.

ஆகவே வரைவதற்கோ தொடர்ந்து கையால் எழுதுவதற்கோ தேவைப்படுகிறவர் பேனா மவுஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நோட்டுப் புத்தகத்தில் பாதி அளவு இருக்கும் சிறிய டேப்லெட் போதும். ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கிற ஆசிரியருக்கும் அதுதான். சமன்பாட்டில் மேலே அடுக்குக்குறி, கீழே வகுகோடு என்று கை மாறி மாறித் தாவ வேண்டியிருக்கும். தாவினால் இடம் தவறாத கருவி வேண்டும்.

டேப்லெட்டை மவுஸுக்குப் பதிலாகவும் வைத்துக்கொள்ளலாமே என்றால், வைத்துக்கொள்ளலாம். பல ஓவியர்கள் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் நாள் முழுக்க எழுத்து வேலை பார்ப்பவருக்கு அது சுமை. ஸ்க்ரோல் சக்கரம் பெரும்பாலும் இருக்காது. மேசையில் பலகைக்கு இடம் வேண்டும். விசைப்பலகைக்கும் பலகைக்கும் கை அலைந்துகொண்டே இருக்கும். திரையின் நீள அகல விகிதமும் பலகையின் விகிதமும் பொருந்தவில்லை என்றால் நீங்கள் போடும் வட்டம் திரையில் முட்டையாகத் தெரியும். அமைப்புகளில் சரிசெய்யலாம், ஆனால் பலகையில் ஒரு ஓரம் வீணாகும்.

ஏற்கெனவே பேனாவை ஏற்கும் தொடுதிரை டேப்லெட் கையில் இருந்தால் கதை இன்னும் சுருக்கம். எழுதுவதை அதில் எழுதிக்கொள்ளுங்கள். பேனா மவுஸைத் திரைமேல் வைத்து எழுத முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்டைலஸ் (தொடுதிரையில் எழுதும் பேனா) என்று நினைத்து வாங்கித் திரையில் தேய்த்துப் பார்த்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சாதாரண மவுஸோடு ஒப்பிட்டால்

எழுதுவதை விட்டுவிடுவோம். சுட்டுவதற்கு, கிளிக் செய்வதற்கு இது எப்படி? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது, ஏனென்றால் பேனாவும் மவுஸும் மோதிய பழைய கதை ஒன்று உண்டு.

மவுஸுக்கு முன்னால் பேனா வந்துவிட்டது. 1963இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் திரைமேல் நேரடியாக வரைகிற முறை. பார்க்கப் பிரமாதம், ஆனால் செங்குத்தாக நிற்கும் திரைக்கு எதிரே கையைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தால் தோள் இறங்கிப்போகும். 1964இல் அமெரிக்கப் பொறியாளர்கள் டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலீஷும் மரப்பெட்டிக்குள் இரண்டு சக்கரம் வைத்து முதல் மவுஸைச் செய்தார்கள். அதோடு நிற்காமல் ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் இயக்கும் கருவி, மவுஸ் எல்லாவற்றையும் ஆட்களிடம் கொடுத்துச் சோதித்து 1967இல் முடிவை வெளியிட்டார்கள். பழகாதவர்களுக்கு ஒளிப்பேனா கைகொடுத்தது. பழகியவர்கள் கையில் மவுஸ் முந்தியது, பிழையும் அதில்தான் குறைவு.

ஒளிப்பேனாவில் பழகாதவர்க்கும் ஒரு சுகம் இருந்தது: எதைத் தொட வேண்டுமோ அதையே தொடலாம். பேனா மவுஸில் அந்தச் சுகம் கிடையாது. கை மேசையில், கண் திரையில் என்ற மவுஸின் பிரிவு அப்படியே இருக்கிறது. மவுஸின் அசையாத்தன்மையும் கிடையாது. அது எப்படி என்றால், சாதாரண மவுஸில் கிளிக் செய்யும்போது விரல் மேசையை நோக்கி அழுத்துகிறது. மவுஸ் மேசையில் உட்கார்ந்திருப்பதால் எங்கும் நகராது. பேனா மவுஸில் பொத்தான் தண்டின் பக்கவாட்டில் இருக்கிறது. அழுத்தும் விசை குறுக்காகப் போய்த் தண்டைத் தள்ளுகிறது, நுனி மயிரிழை நகர்கிறது. பெரிய பொத்தான் என்றால் பாதகமில்லை. இரண்டு எழுத்துக்கு நடுவே கர்சரை வைக்கப் போனால்தான் தெரியும். 'பள்ளி'யில் ஒரு 'ள்' விட்டுப்போயிருக்கிறது என்று சேர்க்கப் போவேன், கர்சர் 'ளி'யைத் தாண்டி உட்கார்ந்திருக்கும். திரும்பவும் குறி பார்க்க வேண்டும். பக்கத்துக்கு நாற்பது திருத்தம் என்றால் நாற்பது முறையும் இந்தக் கூத்து.

டபுள் கிளிக் இன்னும் மோசம். விண்டோஸில் வழக்கமான அமைப்பில் இரண்டு கிளிக்குக்கும் நடுவே கர்சர் சில பிக்சலுக்கு மேல் நகர்ந்தால் அதை டபுள் கிளிக் என்று ஏற்காது. பேனா மவுஸில் கோப்பைத் திறக்கப் போய், அதை இழுத்துப் பக்கத்துக் கோப்புறைக்குள் போட்டுவிட்டு, எங்கே போனது என்று தேடிய அனுபவம் எனக்கு முதல் வாரத்தில் மூன்று தடவை. பிறகு ஒற்றைக் கிளிக்கில் கோப்பு திறக்கும்படி மாற்றிக்கொண்டேன். ஒரு கிளிக்கில் தேர்ந்தெடுத்து என்டரைத் தட்டினாலும் ஆகும்.

பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் ஒரு சோதனை செய்தார். கையில் ஓர் உலோகக் கோலைக் கொடுத்து, இரண்டு பட்டைகளை மாறி மாறித் தட்டச் சொன்னார். பட்டைகள் விலகியிருந்தாலும் ஒடுங்கியிருந்தாலும் நேரம் கூடும் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. இன்று மவுஸ்களை மதிப்பிடவும் அதே கணக்குதான். பேனா பிடித்த கையில் பிறந்த விதி என்பதால் எனக்கு அது கொஞ்சம் பிடிக்கும். நம் விஷயத்துக்கு அதன் பொருள் இதுதான்: பேனா மவுஸ் ஒடுங்கிய இலக்கில் தோற்கும், அகன்ற இலக்கில் சமாளிக்கும். விரிதாளில் கட்டங்களைத் தேர்வு செய்வது, இணையப் பக்கங்களில் உலாவுவது, படத்தில் ஒரு பகுதியைச் சுற்றி வளைப்பது இதற்கெல்லாம் நன்றாகவே இருக்கும். எழுத்துக்கு நடுவே புகுவது, சன்னல் விளிம்பைப் பிடித்து இழுப்பது, நேரக்கோட்டில் காணொளித் துண்டை வெட்டுவது எல்லாம் எரிச்சல்.

அப்புறம் உருளும் விவகாரம். மவுஸ் தட்டையான அடியோடு இருப்பதால் எப்போதும் முன்பக்கம் பார்த்தபடியே இருக்கும். பேனா விரலுக்குள் சுழலும். காகிதத்தில் அது எப்படிச் சுழன்றாலும் மை ஒரே மாதிரிதான் விழும். இங்கே சென்சாரும் கூடவே சுழல்கிறது. இருபது டிகிரி சுழன்றிருந்தால், நீங்கள் நேர்க்கோடு இழுத்தாலும் திரையில் இருபது டிகிரி சாய்ந்த கோடுதான் வரும். ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் ஆட்காட்டி விரல் பொத்தானைத் தேடிச் சரியாக உட்கார வேண்டும். தண்டு முழு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகவோ முக்கோணமாகவோ இருக்கும் மாதிரிகளில் இந்தத் தொல்லை குறைவு. நுனிக்குப் பதில் தட்டையான சிறு அடித்தளமும், அதிலிருந்து எழும்பிச் சாயும் தண்டும் கொண்ட இன்னொரு வகை உண்டு. ஸ்வீடனின் பென்க்ளிக் அந்த ரகம். அதில் சென்சார் மேசையோடு படிந்தே இருப்பதால் சாய்வைப் பற்றிக் கவலையில்லை, வைத்த இடத்தில் நிற்கவும் செய்யும். ஆனால் பைக்குள் பேனாவோடு பேனாவாகச் செருக முடியாது.

கீழே வைப்பதையும் சொல்ல வேண்டும். தட்டச்சுக்கும் மவுஸுக்கும் மாறி மாறிப் போகிறவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. சாதாரண மவுஸ் விட்ட இடத்தில் கிடக்கும், கை பார்க்காமலே போய் அதன்மேல் விழும். பேனா மவுஸை ஒவ்வொரு முறையும் வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், எடுத்ததும் கர்சர் ஒரு குதி குதிக்கும், சரியான பக்கம் திருப்ப வேண்டும். சிலர் விரலிடுக்கில் வைத்துக்கொண்டே தட்டச்சு செய்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. ஒருமுறை பழைய ஞாபகத்தில் காதில் செருகிவிட்டு மேசை முழுக்கத் தேடியதுதான் மிச்சம்.

வலிக்காக மாற்றுகிறீர்கள் என்றால்

பேனா மவுஸை விசாரிக்கிறவர்களில் பாதிப் பேராவது வலியோடு வருகிறவர்கள். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சாதாரண மவுஸில் உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கிறது. அப்படித் திருப்பும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகின்றன. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குகிறது, பல சமயம் சுண்டுவிரல் பக்கமும் ஒடிகிறது. மணிக்கட்டில் உள்ள குறுகிய சுரங்கம் போன்ற வழியில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு போகின்றன. மடக்கியபடியே மணிக்கணக்கில் வைத்திருந்தால் அங்கே நெரிசல். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது அந்த நரம்பின் எல்லை.

பேனா பிடிக்கும்போது கை சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து மேசையில் படுக்கிறது. முன்கை பாதி திரும்பிய நிலையில் இருக்கிறது, மணிக்கட்டும் அவ்வளவாக மடங்குவதில்லை. முதல் நாளே ஒரு லேசு தெரியும். எனக்கும் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே இருந்த இறுக்கம் இரண்டு வாரத்தில் குறைந்தது. ஆனால் மூன்றாவது வாரம் கட்டைவிரலின் அடியில் புதிதாக ஒரு வலி எட்டிப் பார்த்தது. காரணம் எளிது: சாதாரண மவுஸை யாரும் பிடிப்பதில்லை, கையை அதன்மேல் வைக்கிறோம். பேனாவைக் கிள்ளிப் பிடிக்கிறோம். அதுவும் காகிதத்தில் எழுதும் பேனா ஆறேழு கிராம் இருக்கும். இங்கே உள்ளே போடும் ஏஏஏ பேட்டரி மட்டுமே பதினோரு கிராமுக்கு மேல். பொத்தானை அழுத்தும்போது தண்டு நழுவாமலிருக்கக் கட்டைவிரல் எதிர்ப்பக்கம் அழுத்தியே ஆக வேண்டும். அந்த அழுத்தத்தை ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை கொடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆக, மணிக்கட்டிலும் முன்கையிலும் வலி உள்ளவருக்குப் பேனா மவுஸ் உதவலாம். கட்டைவிரல் அடியில் வலியோ மூட்டுத் தேய்மானமோ உள்ளவர் இதன் பக்கமே போக வேண்டாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் அது பெரும்பாலும் முழங்கைப் பக்கத்து நரம்புச் சங்கதி, எந்த மவுஸ் மாற்றினாலும் தீராது. இரவில் மரத்து எழுப்புகிற அளவுக்குப் போயிருந்தால் மவுஸ் கடையை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வலிக்கு எதிரான போட்டியில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒன்று செங்குத்து மவுஸ். கைகுலுக்கும் கோணத்தில் கை நிற்கும், லாஜிடெக்கின் பிரபலமான மாதிரி ஒன்றில் 57 டிகிரி. முன்கைக்குப் பேனா மவுஸ் தரும் அதே லேசு, கிள்ளிப் பிடிக்கும் தொல்லை இல்லாமல். கிளிக் விசை இதிலும் குறுக்காகத்தான் போகிறது, ஆனால் நூறு கிராமுக்கு மேல் எடையோடு மேசையில் உட்கார்ந்திருப்பதால் எளிதில் அசையாது. குறை என்றால் பருமன். சிறிய கை உள்ளவர்கள் வாங்கும் முன் பிடித்துப் பார்க்க வேண்டும். இடக்கைக்காரர்கள் இடக்கைக்கென்று செய்த மாதிரியைத் தேட வேண்டும். பேனா மவுஸில் அந்தக் கவலை இல்லை, எந்தக் கையிலும் பிடிக்கலாம். இது அதன் நிஜமான பலம், அதிகம் பேர் சொல்வதில்லை. வலக்கைக்காரர்கள்கூட ஓய்வுக்காக இடக்கைக்கு மாற்றிக்கொள்ளலாம். கர்சரைப் பெரிய பொத்தான்மேல் கொண்டுபோக இடக்கை ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இன்னொன்று டிராக்பால். கை அசையாது, பந்து மட்டும் உருளும். மவுஸைவிட மூத்தது: 1952இல் கனடியக் கடற்படைக்காகச் செய்த ஒன்றில் பௌலிங் பந்தையே வைத்திருந்தார்கள். இடமே இல்லாத மேசைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எதையாவது அழுத்திப் பிடித்து இழுப்பது கஷ்டம், வரைவது கேலிக்கூத்து. கட்டைவிரலால் உருட்டும் வகை, கட்டைவிரல் வலிக்காரருக்கு எண்ணெயில் தப்பி நெருப்பில் விழுந்த கதை. விரல்களால் உருட்டும் வகைதான் அவருக்கு.

டச்பேட்? லேப்டாப்பில் இருக்கவே இருக்கிறது. ஒரு மணி நேர வேலைக்கு எதையும் வாங்காமல் அதையே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இருக்கும் ஒரு பிடிவாதமான கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: வலிக்கு எந்த ஒரு மவுஸும் முழு மருந்தில்லை. ஒரே தசையை ஒரே விதமாக நாள் முழுக்க வாட்டாமல் இருப்பதுதான் பலன் தருகிறது. அதனால் பேனா மவுஸ் முதல் மவுஸாகத் தோற்றாலும் இரண்டாவது மவுஸாக நன்றாகவே தேறுகிறது.

எது யாருக்கு

பேனா மவுஸ் ஜெயிக்கும் இடங்கள் சில உண்டு. ஓடும் ரயிலில் மடியில் லேப்டாப், பக்கத்தில் உள்ளங்கை அகல இடம்தான் இருக்கிறது என்றால், தொடைமேலோ புத்தக அட்டைமேலோ வைத்து நகர்த்திவிடலாம். திரையில் இருப்பதைப் பிறருக்குக் காட்டிப் பேசும்போது முக்கியமானதைச் சுற்றி வட்டம் போட, அடிக்கோடு இழுக்க, அம்புக்குறி வரைய அருமை. மெய்ப்பில் பிழையைத் திருத்தாமல் வெறுமனே குறித்துக்கொண்டே போகும் முதல் வாசிப்புக்கு நான் இன்னும் இதைத்தான் எடுக்கிறேன். புகைப்படத்தில் ஓர் உருவத்தைச் சுற்றிக் கைபோன போக்கில் தேர்வு செய்யவும் மவுஸைவிட இது வளைந்து கொடுக்கும். எப்போதாவது ஆவணத்தில் ஒரு கையெழுத்து என்றால் அதுவும் சரி. கையெழுத்தைத் தூக்காமல் ஒரே இழுப்பில் போடுகிறவர்கள் பாக்கியவான்கள்.

சுருக்கமாக என் தீர்ப்பு இப்படி. வரைய, எழுத: டேப்லெட். நாள் முழுக்க எழுத்து வேலை, கூடவே முன்கை வலி: செங்குத்து மவுஸ். மேசையில் இடமில்லை, ஒரே இடத்தில் வேலை: டிராக்பால். அடிக்கடி பயணம், திரையில் குறித்துக் காட்டும் வேலை, அல்லது கைக்கு மாற்று தேவை: பேனா மவுஸ். விளையாட்டுகளுக்கு என்று கேட்டால், சாதாரண மவுஸை மாற்றவே வேண்டாம், அதிலேயே இருங்கள்.

வாங்குவது என்று முடிவானால்

டிபிஐ (கை ஓர் அங்குலம் நகர்ந்தால் கர்சர் எத்தனை பிக்சல் நகரும் என்ற கணக்கு) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கர்சரின் வேக முடுக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 1920 பிக்சல் அகலத் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 500 டிபிஐயில் கை கிட்டத்தட்ட 10 செ.மீ. நகர வேண்டும், 1000இல் 5 செ.மீ. போதும். பேனா பிடித்த விரல்கள் மணிக்கட்டை நகர்த்தாமல் மூன்று நான்கு செ.மீ. தான் எட்டும். ஆகவே இந்தத் திரைக்கு 1200 முதல் 1600 வரை பொருத்தம். அதற்குமேல் ஏற்றினால் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். 4கே திரை என்றால் இதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். டிபிஐயை மாற்றும் பொத்தான் ஒன்றாவது அவசியம்.

வயர்லெஸ் என்பது இரண்டு வகை. யுஎஸ்பியில் செருகும் சிறிய ரிசீவரோடு வருவது, புளூடூத்தில் இணைவது. ரிசீவர் வகை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் விளக்கம் வெளியிட்டது. கர்சர் விட்டுவிட்டு ஓடினால் பேனாவைக் குறை சொல்லும் முன் ரிசீவரை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு முழ நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். எனக்கு அதிலேயே சரியானது. இன்னொன்று, பேட்டரியை மிச்சம் பிடிக்க இவை சும்மா இருந்தால் தூங்கிவிடும். நுனியை நகர்த்தினால் எழாது, கிளிக் செய்தால்தான் எழும் என்ற ரகமும் உண்டு. சார்ஜ் ஏற்றும் வகை என்றால், வால் பக்கம் வயர் தொங்கும்போதும் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள்.

பரப்பைப் பொறுத்தவரை கண்ணாடி மேசை ஆகாது, பளபளப்பான பலகையும் சந்தேகம்தான். மெத்தென்ற துணி பேடில் நுனி லேசாகப் புதைகிறது. நான் பலதும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு வெள்ளைத் தாளுக்கு வந்து சேர்ந்தேன். அதன் நார்களைச் சென்சார் நன்றாகப் பார்க்கிறது, பேனாவுக்கும் பழகிய உரசல்.

பொருள் வந்ததும் பெட்டியைக் கிழித்துப் போடாதீர்கள். முதல் நாளே வரையும் மென்பொருளில் கையை நான்கைந்து முறை எடுத்து வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு நேர்க்கோடு இழுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில் வந்தால் தண்டு உங்கள் பிடிக்குப் பொருந்தவில்லை. பிறகு பத்துக் கோப்புகளை டபுள் கிளிக்கில் திறங்கள், எத்தனை தப்புகிறது என்று எண்ணுங்கள். நுனியை மெதுவாகத் தூக்கி எந்த உயரத்தில் கர்சர் நிற்கிறது என்றும் கவனியுங்கள். அதிக உயரம் வரை ஓடிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கர்சர் இழுபடும். இதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்டைவிரல் மட்டும் உடனே பேசாது, எனக்கு மூன்றாவது வாரம்தான் பேசியது. திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்துக்கொண்டு, அந்த நாட்களில் வேறு மவுஸைத் தொடாமல் இதையே முழுநேரமும் பிடித்துப் பாருங்கள்.